மூன்றாம் மெழுகு

தரையில் சாக்கட்டியால் கோடு போடுவது என் வேலை.
ஒலி விழுங்கும் கூம்புக்கு நாலடியில் பாஞ்சோ.
பன்னிரண்டடியில், சுவரைப் பார்த்தபடி, கார்னெட்.
டிரம்ஸ்காரர் கதவுக்கு வெளியே, நடைபாதையில்.
அங்கேயும் மரக்கட்டையை மட்டும்தான் தட்டலாம்;
பெரிய மேளம் அதிர்ந்தால் ஊசி தடம்புரளும்.
கிளாரினெட்டுக்கு ஆறடி.
எவாரிஸ்ட் க்ளாப்பியோன் அந்தக் கோட்டைப் பார்த்தார்,
பிறகு ஷூ முனையால் அழித்துவிட்டு
அரை அடி தள்ளி நின்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இண்டியானா. ஆகஸ்ட் மாதம்.
மெழுகு இளகியிருக்க வேண்டுமென்று
ஜன்னலை அடைத்து
எங்களையும் சேர்த்து வேகவைத்தார்கள்.
ஏழு பேரும் பனியனோடு நின்றார்கள்.
எவாரிஸ்ட் மட்டும் கழுத்துப் பித்தானைக்கூட அவிழ்க்கவில்லை.
நியூ ஆர்லியன்ஸில் சுருட்டுச் சுற்றுகிறவராம்.
புகையிலை நறுக்கும் கத்தியாலேயே
சீவாளியைச் சீவினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்,
நாக்கில் வைத்தார், மறுபடி சீவினார்.
கறுத்த மரக்குழல். ஒரு சாவியின் வில் முறிந்து
ரப்பர் வளையத்தில் உயிரோடிருந்தது.

முதல் மெழுகில் டிராம்போன் லெமுவேல் தும்மினார்.
இரண்டாவது சுத்தம். கடைகளில் விற்றது அதுதான்.
உங்கள் வீட்டில்கூட இருக்கலாம்.
'இன்னொன்று, பத்திரத்துக்கு' என்றார் முதலாளி.
கொட்டகைக்குப் பின்னால்தான் தண்டவாளம்.
மூன்று நாற்பது சரக்கு வண்டிக்குள் முடிந்துவிடும்
என்றது கடிகாரம்.
வண்டி முந்திக்கொண்டது.

முதலில் தரை நடுங்கியது. பிறகு அது கூவியது.
பாஞ்சோ நின்றது. கார்னெட் தாழ்ந்தது.
நடைபாதையில் மரக்கட்டை வாயடைத்தது.
கிளாரினெட் மட்டும், அடிமரத்தின் இருட்டுக்குள்
ஏதோ தேடிக்கொண்டிருந்தது,
நிமிர்ந்து
அந்தக் கூவலை அதன் உச்சியிலேயே பிடித்தது.
பிடித்து வளைத்தது.
வண்டி விலக விலகக் கூவல் இறங்குமே,
அதன் கூடவே, ஒரு மயிரிழை பிந்தி,
வழுக்கி வழுக்கி இறங்கியது.
இறங்கி, வண்டி போகாத ஒரு பக்கம்
திரும்பியது.
அங்கே என்ன இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.
கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி
கழுத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.
'சீவிப் போடு.'

தலைக்குப் பதினைந்து டாலர். கையெழுத்து.
பொழுது சாய்வதற்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டுமென்று
யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை.
ஏழு பேரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
எவாரிஸ்ட் குழலை ஐந்து துண்டாகக் கழற்றி
ஒவ்வொன்றையும் துடைத்து
பெட்டியை மூடியபோது
மூன்றாவது எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

மெழுகு ஒரு தடவைதான் பேசும்.
கேட்க ஊசி வைத்தால், ஊசி அதை உழுதுவிடும்.
எப்படியும் சீவத்தானே போகிறோம் என்று
விளக்கைத் தணித்து வைத்தேன்.
கூவல் வந்தது. அவர் வந்தார்.
ஊசிக்குப் பின்னால் மாவாக உதிர்ந்துகொண்டே வந்தார்.
நடுவில் எடுத்திருந்தால்
பாதியாவது மிஞ்சியிருக்கும்.
எடுக்கவில்லை.

மறுநாள் காலை, வழவழவென்று இழைத்த
அதே மெழுகில்,
வெள்ளை முக்காட்டுக்காரர்களின் கூட்டுப்பாட்டைப் பதிந்தோம்.
முன்பணம் கொடுத்திருந்தார்கள். மரியாதையானவர்கள்;
கோட்டைத் தாண்டி ஒருவரும் நிற்கவில்லை.
அவர்களுக்கும் நான்தான் கோடு போட்டேன்.

இப்போதும் யாராவது கேட்டால்
சீட்டியடித்துக் காட்டுகிறேன்.
உதட்டில் வருவது
ரயிலின் பங்கு மட்டும்.